மாப்பிள்ளை காய்ச்சிய எண்ணெய்

என்றும் மாறாத மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இங்கே என் மனைவி நலம். மகள் நலம். மாப்பிள்ளை மிக மிக நலம், அவருடைய நலத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. லாரிதான் நலமாக இல்லை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது புகார்க் கடிதம் அல்ல. சம்பந்தி வீட்டுக்குப் புகார்க் கடிதம் எழுதுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. என் மைத்துனன் ஒருமுறை எழுதினான், அது வேறு கதை. இது ஒரு பணிவான வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் தாங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்து, தங்கள் மகனைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். அவ்வளவுதான். காரணம் எதுவாக இருந்தாலும் சரி. சம்பந்தியம்மாவுக்கு முட்டிவலி என்று சொல்லலாம். முட்டிவலி உண்மையிலேயே இருந்தால் வருந்துகிறேன், இல்லாவிட்டால் இப்போதைக்கு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு அவரும் மகளும் இங்கே வந்து தங்கியிருப்பதில் எங்களுக்கு எள்ளளவும் சங்கடமில்லை. வந்த புதிதில் அவர் பாவம், சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். கூப்பிட்டால் எழுந்து வருவார், போட்டதைச் சாப்பிடுவார், மறுபடி போய்ச் சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் ஒருநாள் படுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை, சுண்ணாம்பு உரிந்திருந்தது. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் தானாக எழுந்து வாசலுக்கு வந்து, நான் லாரியைக் கிளப்புவதை இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பரவாயில்லையே, மாப்பிள்ளை வெயிலுக்கு வந்துவிட்டாரே என்று நான் சந்தோஷப்பட்டேன். என் கஷ்டகாலம் ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

லாரியைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, அலமாரி என்று ஏற்றி இறக்கி, என் வீட்டு அடுப்பை எரியவைத்ததும் மகளைப் படிக்கவைத்ததும் அவள் கல்யாணத்தைத் தூக்கிச் சுமந்ததும் அந்த வண்டிதான். என் மனைவி அதை ‘உங்க மூத்த சம்சாரம்’ என்பாள். பொறாமை, வேறென்ன. வண்டிக்கு உள்ள ஒரே குறை புகை. கிளப்பினால் பின்னால் வருகிறவர்கள் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பெற்றவர்களை நினைத்துக்கொள்வார்கள். இத்தனை நாள் அதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த வருடம் பழைய வண்டிகளுக்கெல்லாம் புகைச் சோதனை என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். புகைக்குழாயில் ஒரு கருவியை விட்டுப் பார்ப்பார்களாம். அளவுக்கு மேல் போனால் வண்டியின் ஆயுள் அன்றோடு சரி. வீட்டுக்கு ஓட்டிவரக்கூட விடமாட்டார்கள், அங்கிருந்து நேரே உடைக்கிற இடத்துக்குத்தான். என் வண்டிக்கு வருகிற வெள்ளிக்கிழமை சோதனை. எங்கள் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், ஸ்பேனர் என்றுதான் பெயர், அவரைப் பெற்ற அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அவரை வைத்து அதையும் இதையும் முடுக்கி எப்படியாவது தேற்றிவிடலாம் என்று இருந்தேன். அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“மாமா, இந்தப் புகையோட டெஸ்டுக்குப் போனா வண்டி திரும்பி வராது.”

“என்ன செய்யறது மாப்பிள்ளை, வயசாயிடுச்சே.”

“டீசலை விட்டுடுங்க. ஓட்டல்ல பொரிச்சு முடிச்சிட்டுத் தூக்கிப் போடுற எண்ணெய் இருக்குல்ல, அதை வாங்கி நாமளே பயோடீசல் காய்ச்சிடலாம். லாரி, காரு, டீசல்ல ஓடுற எதுல வேணா ஊத்தலாம். கரும்புகை நல்லாக் குறையும். எஞ்சினும் வழவழன்னு ஓடும்.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் ‘எழுந்து கை கழுவு’ என்றிருப்பேன். சொன்னவர் மாப்பிள்ளை. தாங்களும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவர்தான், அங்கே தங்களை யாராவது மறுத்துப் பேசியிருப்பார்களா? மேசைக்கு அடியில் மகள் என் காலை மிதித்தாள். எதிரே மனைவி கரண்டியோடு நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். “செஞ்சிடலாம் மாப்பிள்ளை” என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

எண்ணெய் வாங்குகிற வேலை எனக்கு வந்தது. மாப்பிள்ளையை ஓட்டல் கொல்லைப்புறத்துக்கு அனுப்ப முடியுமா? ஆகவே இந்த ஊரில் நாலு பேர் வணக்கம் சொல்லுகிற நான், கையில் பிளாஸ்டிக் கேனோடு ஆஸ்பத்திரி கேன்டீனின் பின்கதவுக்குப் போய் நின்றேன். கேன்டீன் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே, வீட்ல எத்தனை பேரு? இதுல சமைச்சுடாதீங்க, வயிறு கெட்டுடும்” என்றார். சமைக்க இல்லை, லாரிக்கு என்றேன். அவர் முகத்தில் இரக்கம் இன்னும் அதிகமாகிவிட்டது. “லாரிக்கா? சரி சரி, விடுங்க. எல்லாருக்கும் ஒரு கஷ்டகாலம் வரத்தான் செய்யும்” என்று கேன் நிறைய ஊற்றி, கூடவே ஒரு பொட்டலம் பலகாரமும் கட்டிக்கொடுத்தார். அந்தப் பொட்டலத்தோடு நான் வெளியே வந்ததை எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டார். அடுத்த நாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, நாங்கள் பழைய எண்ணெயில்தான் சமைக்கிறோம் என்று. இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போகிறார்கள். டீ சாப்பிடுங்கள் என்றால், இப்பத்தான் சாப்பிட்டேன் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறார்கள். என் மனைவி இதற்காக ஒரு பாட்டம் அழுதாள். அழுத பிறகு என்னைத்தான் திட்டினாள், மாப்பிள்ளையை அல்ல.

காய்ச்சுவதற்கு மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த இடம் எங்கள் குளியலறை. தண்ணீர் வசதி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, அருமையான இடம் மாமா என்றார். எனக்கும் அது அருமையான இடம் என்பது தெரியும், நான் அதில் குளித்துக்கொண்டிருந்தேன். வாளியும் சோப்பும் வெளியே வந்தன. ட்ரம், வெப்பமானி, ரப்பர் கையுறை, மெத்தனால் என்கிற ஒரு ஸ்பிரிட், காஸ்டிக் சோடா எல்லாம் உள்ளே போயின. கதவில் ‘தீப்பெட்டி கொண்டு வராதீர்கள்’ என்று பெரிதாக எழுதி ஒட்டினார். குளிக்கப் போகும்போது தீப்பெட்டி எடுத்துப் போகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து என் குளியல் வாசலில், லாரிக்குப் பக்கத்தில், வண்டி கழுவுகிற குழாயில். போகிற வருகிறவர்கள் எல்லாம் சவுக்கியமா என்று விசாரிக்கிறார்கள். துண்டைப் பிடித்துக்கொள்வதா, பதில் சொல்வதா?

முதல் தடவை காய்ச்சியது முடிந்து, அடியில் தங்கிய கசடைப் பிரித்தெடுத்த பிறகு, மேலே நிற்கிற எண்ணெயைத் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டுமாம். எண்ணெயைத் தண்ணீரில் கழுவுவது! எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் அதுதான் முறையாம். மெல்ல, குலுக்காமல், பூத்தூறல் போலத் தண்ணீர்விட்டு, கலந்திருக்கிற காரத்தை எடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை என் மனைவியிடம், “அத்தை, இனிமே இதைக் கழுவற வேலைதான் பாக்கி, வந்து கழுவிக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மாப்பிள்ளை கையால் கழுவுவதாவது! இவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு கை நிறையச் சோப்புத்தூளை அள்ளிப் போட்டு, துணி துவைக்கிற கட்டையால் மூச்சு வாங்க வாங்கக் கலக்கிவிட்டாள். நான் போய்ப் பார்க்கும்போது ட்ரம்மில் இருந்தது எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை, நுரையும் இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாக ஒன்று பொங்கி விளிம்பில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னடி பண்ணின?”

“கழுவினேன். எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணியில கழுவி நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

“இதுல பாத்திரம் எங்கடி இருக்கு? எண்ணெய்தான்டி இருக்கு!”

“அப்போ பிசுக்கு இன்னும் ஜாஸ்தியாத்தானே இருக்கும்?”

  மாப்பிள்ளை வருவதற்குள் தடயத்தை மறைக்க வேண்டும் என்று அவள் மொத்தத்தையும் குளியலறைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அது சாக்கடையோடு போவேன் என்றா வந்தது? உள்ளே போய் உட்கார்ந்து கெட்டியாகி, தெருமுனை வரைக்கும் குழாயை அடைத்துவிட்டது. பிளம்பர் வந்து கம்பியை விட்டார், கம்பி வளைந்தது. எழுந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அண்ணே, இது அடைப்பு இல்ல, கட்டடம்” என்றார். மாப்பிள்ளை வந்தார், பார்த்தார். கோபம் வந்ததா? வரவில்லை, சம்பந்தி, அதுதான் என்னால் தாங்க முடியாதது. “பரவாயில்ல அத்தை, நல்ல அனுபவம்” என்று புன்சிரிப்போடு ட்ரம்மைத் தேய்த்துக் கழுவப் போய்விட்டார். நான் மறுபடி கேனை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். இந்த முறை மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை, இரண்டு பொட்டலமாகக் கட்டினார்.

அடுத்த ட்ரம் தேறிவிட்டது. டேங்கில் ஊற்றினோம். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. சத்தம் அடங்கியிருந்தது, புகை வெளுத்திருந்தது. பலகாரக் கடையின் வாசனை அடித்தது, அது கிடக்கட்டும். அன்றைக்கு ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்கை வேறு தெருவுக்கு மாற்றுகிற வேலை. சாய்த்துப் படுக்கவைத்துப் பல் பிடுங்குவார்களே, அந்த நாற்காலியை ஏற்றிக் கட்டினோம். அதற்கு ஒரு கீறல் விழக்கூடாது என்று டாக்டரும் மேலே ஏறி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பாலத்தின் நடு ஏற்றத்தில், முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கிக்கொண்டு வருகிற இடமாகப் பார்த்து, லாரி இருமியது, விக்கியது, நின்றது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. ஸ்பேனர் வந்து சேருவதற்குள் டாக்டருக்குக் கால் கடுத்துப்போய், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் அசதியில் சாய்ந்தும்விட்டார். பஸ்ஸில் போன ஜனங்கள் எல்லாம் இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ஸ்கூட்டரில் போன ஒருவர் வண்டியை ஓரம் கட்டி, “டாக்டர், இங்கயே பாத்துடறீங்களா? இந்தக் கடவாய்ப்பல்லு உயிரை எடுக்குது” என்று டயரில் கால்வைத்து மேலே ஏறிவிட்டார். டாக்டரும் மனிதர்தானே, இறங்கி இடம் கொடுத்து, போன் வெளிச்சத்தில் பார்த்து, பிடுங்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு ஹாரனுக்கு நடுவிலும் அந்த ஆள் ஐயோ என்று கத்தியது எனக்குக் கேட்டது. நானும் கத்தியிருப்பேன், பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தார்.

ஸ்பேனர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே தாரைக் காய்ச்சி ஊற்றினது மாதிரி கறுப்பாக அப்பியிருந்தது. மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

“மாமா, ரொம்ப நல்ல அறிகுறி! டீசல் இத்தனை வருஷமா டேங்குக்கு அடியில படியவிட்ட அழுக்கை நம்ம எண்ணெய் கரைச்சுக் கொண்டுவருது. டேங்க் சுத்தமாகுது மாமா!”

வாயில் வந்தது, ‘அதை வீட்டு வாசல்ல நிக்கும்போது கொண்டுவரக் கூடாதா’ என்பது. வெளியே வந்தது, “அப்படியா மாப்பிள்ளை, ரொம்ப சந்தோஷம்” என்பது.

அந்தச் சுத்தம் ஒரே இடத்தில் முடிந்திருந்தால் நான் ஏன் கடிதம் எழுதப் போகிறேன்? பள்ளிக்கூட வாசலில் சுத்தமானது. மார்க்கெட் திருப்பத்தில் சுத்தமானது. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிச் சுத்தமானபோது, கேட்காரர் கொடியை உதறிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கேட்ட கேள்விகளை மரியாதை கருதி இங்கே எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் புது ஃபில்டர், ஒவ்வொரு தடவையும் நல்ல அறிகுறி. கடைசியில் ஒருநாள் டேங்க் முழுக்கச் சுத்தமாகிவிட்டது என்றார். நான் கும்பிடு போட்டேன். மறுநாள் காலையில் வாசலில் வண்டிக்கு அடியில் ஒரு குளம். டேங்கில் துருவேறி ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள் இருந்திருக்கின்றன, அத்தனை வருடமும் அவற்றை அடைத்துக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றியது அந்த அழுக்குத்தான். ஸ்பேனர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். போதாக்குறைக்கு எண்ணெய் போகிற பழைய ரப்பர் குழாய்கள் ஊறி உப்பி, கை வைத்தால் பிய்ந்து வந்தன. இந்த எண்ணெய்க்குப் பழைய ரப்பர் தாங்காதாம். “டெஸ்டுக்கு முன்னாடியே தெரிஞ்சது எவ்வளவு நல்லதாப் போச்சு மாமா” என்றார் தங்கள் மகன். டேங்க் ஓட்டைகளைப் பற்றவைத்து அடைத்து, குழாயெல்லாம் மாற்றி, வண்டி இப்போதுதான் எழுந்து நிற்கிறது. அதற்குள் மாப்பிள்ளை அடுத்த ட்ரம்மைக் காய்ச்சி ஊற்றி நிரப்பிவிட்டார்.

மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். “அம்மாடி, உங்க வீட்டுக்காரர்கிட்ட நீயாவது சொல்லேன். டெஸ்ட் முடியற வரைக்கும் டீசலே இருக்கட்டும்னு.” அவள் கண் கலங்கிவிட்டது. “அப்பா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், ஒண்ணும் சொல்லிடாதீங்க. கம்பெனி மூடினதுலேருந்து அவரு எதுக்குமே ஆசைப்பட்டதில்ல. இப்பத்தான் காலையில எழுந்ததும் என்ன செய்யணும்னு யோசிக்கிறாரு. எங்கிட்ட சிரிச்சுப் பேசறாரு” என்றாள்.  எனக்கும் அவர் சுவரைப் பார்த்துப் படுப்பது பிடிக்கவில்லைதான். ஆனால் ஒரு மனிதர் எழுந்து நடமாடுவதற்கு என் லாரிதானா கிடைத்தது? ஒரு செடி வளர்க்கலாம், சம்பந்தி. மீன்தொட்டி வைக்கலாம். எத்தனையோ பேர் சும்மா நடந்துவிட்டு வருகிறார்கள்!

ஆகவே என் நிலைமையைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த எண்ணெயோடு நான் சோதனைக்குப் போய் நின்றால், அங்கேயும் வண்டி நடுவில் இருமும், விக்கும், நல்ல அறிகுறி காட்டும், அவர்கள் இழுத்துக்கொண்டு போய் உடைத்துவிடுவார்கள். வண்டி போனால் என் கை கால் போன மாதிரி. இந்த வயதில் நான் இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போய் நிற்க வேண்டுமா? நான் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. என் மனைவி சொல்லமாட்டாள். மகள் சொல்லவிடமாட்டாள். இந்த உலகத்தில் அவரை ‘ஏன்டா’ என்று கேட்கிற உரிமை உள்ளவர் தாங்கள் ஒருவர்தான். வாங்க, வந்து கேளுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போங்க. ரெண்டு நாள் போதும். வியாழக்கிழமைக்குள்ள வந்துடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

மற்றபடி குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. சம்பந்தியம்மாவின் முட்டியை (இருக்கிற பட்சத்தில்) கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சின்னவர்கள் எல்லாரும் சீரும் சிறப்புமாக வாழ எங்கள் ஆசி. தாங்கள் வரும்போது பஸ் நிலையத்துக்கு நான் நடந்தே வந்து அழைத்துக்கொள்கிறேன், லாரியை நம்பாதீர்கள்.

தங்கள் வரவை நோக்கி வாசலிலேயே குளித்துக்கொண்டிருக்கும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஒட்டாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். தபாலில் போடப் புறப்படும்போதெல்லாம் மாப்பிள்ளை, “எங்க மாமா கிளம்பிட்டீங்க, குடுங்க நான் போட்டுட்டு வரேன்” என்று எதிரே வந்து நின்றார். அவர் கையிலா கொடுப்பேன்? அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். ஸ்பேனர் கடையில் சுத்தமான டீசல் ஒரு கேன் ஒளித்துவைத்திருந்தேன். போகிற வழியில் அங்கே நிறுத்தி, மாப்பிள்ளையை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவர் எண்ணெயை இறக்கிவிட்டு டீசலை ஊற்றிவிடுவது என்று திட்டம். நிறுத்தினேன். டீக்கும் அனுப்பினேன். ஸ்பேனர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தும்விட்டார். எதிர்க்கடையில் மாப்பிள்ளை டீயை வாங்கி, தான் குடிக்காமல், எனக்கு ஒன்று கையில் எடுத்துக்கொண்டு ஆறிப்போகாமல் மூடிபோட்டு வேகமாக வந்துகொண்டிருந்தார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது, சம்பந்தி. இந்தத் திருட்டுத்தனம் தெரிந்தால் இந்தப் பிள்ளை மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாரே என்று இருந்தது. “எடுத்துட்டுப் போங்க ஸ்பேனரே, வண்டி போனாப் போகட்டும்” என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை நீட்டிய டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன்.

சோதனையில் வண்டி இருமவில்லை. விக்கவில்லை. கருவியை விட்டு, ஆக்சிலேட்டரை மிதிமிதி என்று மிதித்தார்கள், புகை வெளுப்பாக ஒரு இழை வந்தது, அவ்வளவுதான். சோதனை அதிகாரி கருவி பழுதோ என்று இன்னொரு கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் தேறிவிட்டது. எனக்கு நிதானம் போய்விட்டது, உண்மை. அங்கே வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, “எங்க மாப்பிள்ளை காய்ச்சின எண்ணெய்ங்க இது! ஓட்டல்ல கொட்டுற எண்ணெயிலேருந்து! டேங்கைச் சுத்தம் பண்ணும், எஞ்சின் வழவழன்னு ஓடும், நல்ல அறிகுறிங்க எல்லாமே!” என்று அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பிரசங்கமே செய்துவிட்டேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடக்கம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது சொன்னார். “மாமா, கோச்சுக்காதீங்க. டேங்க்ல இருந்தது டீசல். நேத்து நீங்க வெளிய போயிருந்தப்போ நான்தான் எண்ணெயை இறக்கிட்டு மாத்தினேன்.”

இந்தத் தடவை வண்டியை நடுத்தெருவில் நிறுத்தியது நான்.

“ஏன் மாப்பிள்ளை?”

“உங்க முகத்தைப் பார்த்தேன் மாமா. நீங்க ஒரு வார்த்தை சொல்லல, ஆனா எனக்குத் தெரியாதா? என் எண்ணெய் மேல எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. ஆனா இது உங்க வண்டி. அதை வச்சு நான் பந்தயம் கட்டக் கூடாதுல்ல.”

 வீட்டுக்கு வந்ததும் ட்ரம்மைக் கழுவிக் கவிழ்த்தார், குளியலறையைத் தேய்த்துக் கொடுத்தார், கதவில் ஒட்டியிருந்ததைக் கிழித்தார். அடுத்த வாரம் தங்கள் வீட்டுக்கே வந்துவிடுவதாக மகளிடம் சொல்லியிருக்கிறாராம், எங்களுக்குப் பாரமாக இருந்துவிட்டோம் என்று. இங்கே இன்று காலையிலிருந்து லாரிக்காரர்கள் ஆளுக்கொரு கேனோடு என் வாசலில் நிற்கிறார்கள், மாப்பிள்ளை எண்ணெய் எப்போ கிடைக்கும் என்று. ஸ்பேனரைக் கேட்டேன். “டேங்கும் குழாயும் சுத்தமானதாலதான் அண்ணே டீசல்லயே இவ்வளவு நல்லாத் தேறுச்சு. சுத்தம் பண்ணது யாரு எண்ணெய்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே சம்பந்தி அவர்களே, தாங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அழைத்துப் போக அல்ல. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் பஸ்ஸைவிட்டு இறங்கவே வேண்டாம். வந்து அவரை நன்றாகத் திட்ட வேண்டும். நான் திட்ட முடியாது, அவர் மாப்பிள்ளை. என்னைக் கேட்காமல் என் வண்டியில் டீசலை ஊற்ற அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேளுங்கள். நான் நம்பி உட்கார்ந்திருக்கும்போது அவர் நம்பாமல் போனது என்ன நியாயம் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ‘உங்க வண்டி’ என்று சொன்னாரே என்னிடம், உங்க வண்டி! அப்போ அது அவரோட வண்டி இல்லையா? அவரு இந்த வீட்டுப் பிள்ளை இல்லாம வேற யாரு? அதை மட்டும் நல்லா உறைக்கிற மாதிரி கேளுங்க சம்பந்தி. நான் கேட்கலாம் என்றுதான் போனேன், கேட்க ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது, எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு வந்துவிட்டேன். இதை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.